வாசலுக்கு வருபவர்களிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள்

வரும் வியாழக்கிழமை, 2014 செப்டம்பர் 18 அன்று, ஸ்காட்லாந்து மக்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறார்கள்: ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா? பதினாறு வயது நிரம்பியவர்களுக்கும் இம்முறை வாக்கு உண்டு. அதற்கு முன்பாக, கிளாஸ்கோவின் கோவன், ஸ்காட்ஸ்டன் கப்பல் கட்டும் தளங்களின் தொழிலாளர்கள் சிலர் சக குடிமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள். எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஒரே ஷிப்டில் அருகருகே நின்று பற்றவைக்கிறவர்களில் ஒருவர் 'ஆம்' என்பார், மற்றவர் 'இல்லை' என்பார். இருவரும் இரவில் படுக்கும்போது நினைப்பது மட்டும் ஒன்றேதான்: அடுத்த வருஷம் வேலை இருக்குமா?

அந்தக் கவலைக்கு ஒரு பெயர் உண்டு. டைப் 26. பிரிட்டிஷ் கடற்படை வாங்க நினைத்திருக்கும் 13 புதிய போர்க்கப்பல்களின் பெயர் அது. இந்தத் தளங்கள் இருக்கும் கிளைட் நதிக்கரையின் வருங்காலமே அந்த ஆர்டரில்தான் இருக்கிறது. உலகப் போர்க் காலம் தவிர, நுட்பமான போர்க்கப்பலை வெளிநாட்டில் கட்டியதில்லை என்கிறது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அரசு. பிரிந்து போனால் ஸ்காட்லாந்தும் வெளிநாடுதானே என்பது அதன் வாதம். கிளைடை விட்டால் லண்டனுக்குப் போக்கிடம் ஏது என்று எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து அரசு திருப்பிக் கேட்கிறது. இரண்டு பக்கமும் உறுதியாகத்தான் பேசுகின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் இன்றுவரை யாரும் கையெழுத்துப் போடவில்லை.

வேலை ஒருநாள் நின்றால் என்ன ஆகும் என்பது தளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. கோவனில் ஒரு இளைஞர் வெல்டராகவோ பைப் ஃபிட்டராகவோ தேற நான்கு வருஷம் அப்ரண்டிஸாக இருக்க வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலான குயீன் எலிசபெத்தின் ராட்சதப் பாகங்களைச் செய்து, மிதவையில் ஏற்றி, கிழக்குக் கரையிலுள்ள ரோசைத்துக்கு அனுப்பியவர்களில் இவர்களும் உண்டு. ஜூலை 4 அன்று ராணி ஸ்காட்ச் விஸ்கி பாட்டிலை மோதி உடைக்கச் செய்து அந்தக் கப்பலுக்குப் பெயர் சூட்டினார். அந்த வேலை வடிந்துகொண்டிருக்கிறது. டைப் 26 தொடங்கவில்லை. நடுவிலிருக்கும் இடைவெளியை நிரப்பத்தான் 348 மில்லியன் பவுண்டுக்கு மூன்று ரோந்துக் கப்பல்களுக்கான ஒப்பந்தம் சென்ற மாதம் கையெழுத்தானது. இடைவெளி நீண்டால் தேர்ந்த கைகள் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் போய்விடும். போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டால் எல்லாரும் வரமாட்டார்கள்.

பிரிட்டிஷ் ஒன்றியத்துக்குள் இருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை என்று சொல்கிறவர்கள் போர்ட்ஸ்மத்தைப் பார்க்க வேண்டும். 2013 நவம்பர் 6 அன்று கப்பல் கட்டும் பிஏஇ நிறுவனம் 1,775 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதில் 940 போர்ட்ஸ்மத்தில்; கிளாஸ்கோ, ரோசைத், ஃபில்டன் மூன்றுக்கும் சேர்த்து 835. சுமார் ஐந்நூறு ஆண்டுகளாகக் கப்பல் கட்டிவந்த இங்கிலாந்து நகரம் போர்ட்ஸ்மத். அங்கே பொதுவாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. சென்ற மாதம் போர்ட் கிளாஸ்கோவில் ஃபெர்குசன் கப்பல் தளம் கடனில் மூழ்கியபோது சுமார் 70 பேர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். அதற்கும் பிரிவினைக்கும் சம்பந்தமில்லை.

பிரிந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறவர்களுக்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் முதல் வாக்கெடுப்பு நடந்தது 1980இல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமையகத்தை மான்ட்ரியலிலிருந்து டொரான்டோவுக்கு மாற்றப் போவதாக அறிவித்துவிட்டது. கியூபெக் பிரியவில்லை, தலைமையகமும் திரும்பவில்லை.

எடின்பரோவில் சென்ற வாரம் இதே பேச்சுதான். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் லாயிட்ஸும் 'ஆம்' வென்றால் சட்டப்படியான பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்றன. 'வங்கி போகிறது' என்றே பலர் காதில் விழுந்தது. வேலைகளையோ அன்றாடப் பணிகளையோ இடம் மாற்றும் எண்ணமில்லை என்று ராயல் பேங்க் தலைமை அதிகாரி ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் அந்த அளவுக்குப் பரவவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாதச் சம்பளம். அதைச் சொல்லாமல் பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது பெரும் அநியாயம்.

ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தின் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்குள்ள அணு ஆயுத நீர்மூழ்கிகள் போகட்டும் என்பது ஸ்காட்லாந்தில் பலரின் மனசாட்சிக் குரல். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே சமையல் செய்பவர், மின்சாரப் பழுது பார்ப்பவர், வண்டி ஓட்டுபவர் ஆகியோருக்கு அதற்குப் பிறகு என்ன வேலை, எந்தச் சம்பளத்தில், எந்த வருஷம் முதல் என்று சொல்லும் கடமையும் அந்தக் குரலோடு சேர்ந்தே வருகிறது. புதிய நாட்டின் படைத் தலைமையகம் அங்கே அமையும் என்ற ஸ்காட்லாந்து அரசின் வாக்குறுதி மட்டும் போதிய பதில் ஆகாது.

ஆகவே இவர்கள் கேட்பது இதுதான். இன்னும் சில நாள் இரண்டு தரப்பின் தொண்டர்களும் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருப்பார்கள். அவர்களிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள். வாய்ப்பேச்சை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். வேலை போய்விடுமோ என்று அஞ்சி 'இல்லை' என்பவரைக் கோழை என்றோ, நம்பிக்கையோடு 'ஆம்' என்பவரைச் சக தொழிலாளியின் வயிற்றில் அடிப்பவர் என்றோ பேசாதீர்கள். வீட்டுக்கடன் தவணை இருவருக்கும் ஒரே தேதியில்தான் வருகிறது. முதலாளிகளும் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று ஊழியர்களுக்குக் குறிப்பு அனுப்பாமல் இருக்க வேண்டும்.

கிளைட் கரை, மக்களின் ஆதரவை முன்பும் கேட்டதுண்டு. 1971இல் அப்பர் கிளைட் தளங்களுக்கு உதவப் பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசு மறுத்து, அவை மூடப்படும் நிலை வந்தபோது, ஜிம்மி ரீட் போன்ற தொழிற்சங்கத்தினர் தலைமையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. தளத்துக்குள் இருந்து வேலையைத் தொடர்ந்தார்கள். கிளாஸ்கோ தெருக்களில் பல்லாயிரம் பேர் அவர்களுக்காக ஊர்வலம் போனார்கள். 1972இல் அரசு இறங்கிவந்து பணம் ஒதுக்கியது. கோவன் தளம் இன்று இருப்பதற்கு அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களும் காரணம். தளத்தில் வேலை பார்க்காதவர்களும் அதில் உண்டு.

அதே துணையைத் தொழிலாளர்கள், வாக்கெடுப்புக்கு மறுநாளான வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மறுபடி கேட்கிறார்கள். முடிவு எதுவானாலும், 'ஆம்' போட்டவரும் 'இல்லை' போட்டவரும் தங்கள் தொகுதியின் வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டும்: டைப் 26 ஒப்பந்தம் எந்தத் தேதியில் கையெழுத்தாகும், எத்தனை கப்பல்கள், எந்தத் தளத்தில்?