பாதியில் நிற்கும் மருந்து

புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று காசநோயால் மறைந்தார், வயது 42. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், 'இன்று அந்நோய்க்கு மருந்து உண்டு' என்று சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். அது பாதி உண்மைதான் என்று நமக்கு உணர்த்தியவர் நம் பழைய மாணவர் ஒருவர்.

அவர் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. செம்பரம்பாக்கத்தில் ஓர் அறையை ஐவருடன் பகிர்ந்துகொண்டு, ஷிப்டுக்கு ஷிப்டு பாய் மாற்றி உறங்குபவர். காசநோய் கண்டது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, மாத்திரையும் நின்றது. மருந்து வாங்கப் போகும் நாளில் கூலி இல்லை. விஷயம் தெரிந்தால் வேலையே இராது என்ற அச்சம் வேறு. நோய் திரும்பியபோது பழைய மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை.

இருமல் நிற்பது நோய் தீர்வதன்று. வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் பெரும்பாலான கிருமிகள் முதல் இரண்டு மாதங்களில் மடிகின்றன. மந்தமாய்க் கிடக்கும் எச்சத்தை அழிக்கவே மற்ற நான்கு மாதங்கள். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றொன்றுக்குத் தப்பாதிருக்கவே பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் நம்பினால் கிருமி அதை எதிர்க்கக் கற்றுவிடும் என்பதை அதே 1948இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் மற்றொன்றை நிறுவியது. ஓராண்டு மருந்து ஒழுங்காகக் கிடைத்தால், நெரிசலான வீட்டில் இருக்கும் ஏழையும் சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமடைவார். 1959இல் வெளியான அம்முடிவு உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. ஆனால் அங்கே நோயாளியின் வீடு தேடிச் சென்ற ஊழியர்கள் இருந்தனர். நாம் வீட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டிய கையை மறந்துவிட்டோம்.

நோயாளியின் அலட்சியமே காரணம் என்பது நமக்கு வசதியான விளக்கம். காசநோயாளிக்கு நீண்டகால விடுப்பும் ஏறத்தாழ 80 விழுக்காடு ஊதியமும் தரும் ஏற்பாடு ஈ.எஸ்.ஐ.யில் உண்டு. ஆனால் ஈராண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டுதோறும் ஒப்பந்தம் மாறுபவருக்கு அந்த ஈராண்டு எங்கிருந்து வரும்? 2024 நவம்பர் முதல் அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் சத்துணவுக்கு. இழந்த கூலிக்கு அன்று.

அவ்விதி ஒப்பந்தத் தொழிலாளிக்காகத் தளர வேண்டும். ஷிப்டு முடியும் நேரத்தில் மருந்து கிடைக்க வேண்டும். இது இரக்கம் பற்றிய பேச்சு அன்று. மருந்தை எதிர்க்கும் கிருமியும் காற்றில்தான் பரவுகிறது. அந்த அறையில் உறங்கும் மற்ற ஐவரும் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிட்டவர்கள் அல்லர்.