பழைய கிற்றாரின் தலையைத் துளைப்பது யாருக்காக?

திருகோணமலையில் மின்கிற்றார் வாசிக்கும் இளைஞர் சிலரிடையே ஒரு வேகம் காண்கிறேன். தந்தையோ மாமனோ வாசித்து வைத்த பழைய கருவி கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் செய்ய நினைப்பது, அதன் தலையிலுள்ள சுருதித் திருகுகளைக் கழற்றி எறிந்துவிட்டு 'லொக்கிங் ரியூனர்' பூட்டுவதே. வீணைக்காரர் பிரடை என்பதைத்தான் கிற்றார்காரர் 'கீ' என்கின்றனர். இந்த மாற்றத்துக்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயர் 'அப்கிரேட்'. இதை மேம்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் இது சேதம்.

லொக்கிங் ரியூனர் என்ன செய்கிறது? திருகின் தண்டுக்குள் நுழைந்த தந்தியை ஒரு சிறு ஊசி நெரித்துப் பிடித்துக்கொள்கிறது. தண்டில் பல சுற்றுச் சுற்றவேண்டியதில்லை. தந்தி மாற்றுவது விரைவாகிறது. சுற்று நழுவிச் சுருதி இறங்கும் வாய்ப்புக் குறைகிறது. அவ்வளவுதான். பல்சக்கரத்தை அது பூட்டுவதில்லை. சுருதியையும் பூட்டுவதில்லை. பெயரைக் கேட்டு மயங்குவோர் இதை அறிந்திருப்பது நலம்.

ஆனால் பழைய கிற்றாரில் சுருதி கலைவதற்குத் திருகு காரணமாயிருப்பது அரிது. கழுத்தின் முடிவில் தந்திகள் பள்ளங்களில் தவழ்ந்து செல்லும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டல்லவா, 'நட்' என்பார்கள், குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறான். சுருதி ஏற்றும்போது 'டிங்' என்றொரு ஒலி எழுந்தால் தந்தி பள்ளத்தில் சிக்கியிருக்கிறது என்று பொருள். தந்தியை வளைத்து வாசித்து விட்டபின் சுருதி தாழ்ந்து நின்றாலும் அதே கதைதான்: இழுபட்டு வந்த தந்தி மீண்டும் தலைப்பக்கம் நழுவிப் போக முடியாமல் நிற்கிறது. ஆயிரக்கணக்கான ரூபாய்க்குத் திருகு வாங்கிப் பூட்டினாலும் இந்தச் சிக்கல் தீராது. பென்சிற் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். செலவு எவ்வளவு என்று நான் சொல்லவேண்டுமா?

இன்னொரு எதிரி நம் ஊர்க்காற்று. உப்புவெளி என்று பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமலா வைத்தார்கள்? துறைமுகத்தை ஒட்டிய வீடுகளில் உருக்குத் தந்தி விரைவில் துருப்பிடித்துச் சொரசொரத்துப் போகும். அத்தகைய தந்தி எந்தப் பள்ளத்திலும் சிக்கும். தந்தியை மாற்றாமல் திருகை மாற்றுவது, காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றுவதைப் போன்றது.

துளை விவகாரத்துக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இங்கேதான். குளூசன் வகைப் பழைய திருகுகளுக்கான துளை ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர். இன்றைய பல திருகுகளுக்குப் பத்து மில்லிமீற்றர் வேண்டும். எனவே தலைமரத்தைத் துரப்பணத்தால் குடைந்து அகலமாக்குகிறார்கள். பின்புறம் புதிய ஆணித்துளைகளும் இடுகிறார்கள். குடைந்த மரம் மீண்டும் வளராது.

வெளிநாட்டில் விலை குறையுமே என்பதற்காக நான் கலங்கவில்லை. அது சேகரிப்பாளர் கவலை. ஈழத்துப் பொப்பிசை என்றால் ஏ. ஈ. மனோகரனையும் நித்தி கனகரத்தினத்தையும் உலகெங்குமுள்ள தமிழர் நினைக்கின்றனர். திருகோணமலைக்காரர் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களையும் சேர்த்தே நினைப்பர். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நாட்டை இறுக்கியிருந்த காலத்தில், ஒரு மின்கிற்றாரைத் தேடிப் பெறுவதே பெரும்பாடு. 1983க்குப் பின் இந்த மாவட்டத்து மக்கள் பலமுறை குழந்தையையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினர். கிற்றாரைத் தூக்கியவர் எத்தனை பேர்? 2004 டிசெம்பர் 26 அன்று கடலும் வந்து போயிற்று. இத்தனைக்கும் தப்பிய ஒரு கருவியை, ஒரு விற்பனைக் காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு பிற்பகலில் குடைந்துவிடுவதா? அந்த இசைக்காலத்துக்கு நம்மிடம் அருங்காட்சியகம் இல்லை. வீட்டு அலுமாரிகளுக்கு மேலே கிடக்கும் இக்கருவிகளே இருக்கின்றன.

மேடையில் வாசிப்பவனுக்கு நம்பகமான கருவி வேண்டும், அது காட்சிப்பொருள் அல்ல என்று எதிர்வாதம் வரும். நியாயமான வாதம். பல்சக்கரம் தேய்ந்து, திருகைத் திருப்பியும் தண்டு அசையாமல் ஆடினால் மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டுப் பாருங்கள். குளூசன் திருகின் மூடியில் எண்ணெய் விடுவதற்கென்றே ஒரு சிறு துவாரம் உண்டு. அப்படியும் லொக்கிங் ரியூனர்தான் வேண்டுமென்றால், பழைய துளைக்கே பொருந்துமாறு செய்யப்பட்டவை கிடைக்கின்றன. ஜப்பானின் கோட்டோ நிறுவனம் அத்தகையவற்றைச் செய்கிறது. வாங்குமுன் துளையின் விட்டத்தையும் ஆணித்துளைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். கழற்றிய ஆறு திருகுகளையும் அவற்றின் சிற்றாணிகளோடு ஒரு டப்பாவிலிட்டு, கிற்றார்ப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.