ஓகேயு அட்டை இல்லாத மாணவருக்கு யார் பொறுப்பு?

சிம்பாங் பூலாய்: வடக்கே ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஒமார் பாலிடெக்னிக், தெற்கே கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம். தோட்டங்களை விட்டு வந்து இந்தப் பகுதியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி இன்று மோட்டார் சைக்கிளில் போய் வரும் தூரம்தான். இடம் கிடைத்த பிறகு விரிவுரை மண்டபத்தில் என்ன நடக்கிறது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, அரசு, தனியார் கல்வி நிலையங்கள் கட்டட வசதியோடு கற்பிக்கும் முறையிலும் பாடத்திட்டத்திலும் நியாயமான ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் தண்டனை என்ன என்று சட்டத்தில் இல்லை. அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்கவும் 41ஆவது பிரிவு இடம் தரவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. உதவி வேண்டுமென்றால் பொதுவாக ஓகேயு அட்டையைக் காட்ட வேண்டும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்களும் அதைப் பெறலாம். ஆனால், நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது தடையாகுமோ என்று பல பெற்றோர் விண்ணப்பிப்பதே இல்லை. பிள்ளை 'சோம்பேறி' என்ற பெயரோடு ஐந்தாம் படிவத்தை முடித்துக் கல்லூரிக்குப் போகிறது.

அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்ற முறை இங்குதான் கைகொடுக்கும். அமெரிக்காவின் காஸ்ட் அமைப்பு வளர்த்தெடுத்த இந்த முறையின் வழிகாட்டி 2024இல் புதுப்பிக்கப்பட்டது. குறைபாட்டை நிரூபிக்கச் சொல்லாமல் பாடத்தையே முதலிலிருந்து எல்லாருக்கும் ஏற்றபடி அமைப்பதுதான் இதன் அடிப்படை. சக்கர நாற்காலிக்குப் போட்ட சரிவுப் பாதையில் குழந்தை வண்டியும் போவதைப் போல.

குறிப்புகளை முந்தைய நாளே கொடுப்பது, காணொளிக்கு எழுத்து வரி போடுவது, விரிவுரையைப் பதிவு செய்து வைப்பது, இவற்றுக்குப் பெரிய செலவில்லை. காது கேளாதவருக்குப் போட்ட எழுத்து வரி, தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாயில் இடைநிலைப்பள்ளி முடித்து ஆங்கிலத்தில் பட்டப்படிப்பு படிப்பவருக்கும் உதவும். இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவர் பதிவைத் திரும்பக் கேட்டுக்கொள்வார்.

தரம் குறைந்துவிடும் என்ற வாதம் பாதிதான் சரி. அவசரச் சிகிச்சைப் பிரிவில் தாதிக்கு வேகம் வேண்டும். அங்கே சலுகை கூடாது. கணக்கியல் மாணவருக்கு மூன்று மணி நேரத்தில் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதா தரம்? வேலைப்பளு பற்றிய விரிவுரையாளர்களின் புகார் நியாயமானது. 200 பேர் உட்காரும் வகுப்பைத் தனியாளாக மாற்றியமைக்க முடியாது. அதற்கான ஆளும் நேரமும் நிர்வாகம்தான் தர வேண்டும்.

பிள்ளையைப் பதிவு செய்யப் போகும் பெற்றோர் கட்டணம், விடுதி பற்றி விசாரிப்பதோடு, விரிவுரைப் பதிவு கிடைக்குமா, தேர்வைத் தவிர வேறு வழியில் மதிப்பீடு உண்டா என்றும் அங்கேயே கேட்கலாம். அதற்கு எந்த அட்டையும் தேவையில்லை.