முதுகில் 16 கிலோ... மணலில் 42 கி.மீ!

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஒயிட் சாண்ட்ஸ் ராணுவத் தளத்தின் பாலைவனப் பாதை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இங்கு கூடி 42 கி.மீ. கடக்கிறார்கள். சிலர் ஓடுகிறார்கள், பலர் நடக்கிறார்கள்.

1942 ஏப்ரல் 9 அன்று பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் சுமார் 75,000 அமெரிக்க, பிலிப்பைன்ஸ் வீரர்கள் ஜப்பானியப் படையிடம் சரணடைந்தார்கள். பட்டினியோடு, கொளுத்தும் வெயிலில் சுமார் 100 கி.மீ. நடத்திச் செல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். போருக்குப் போன சுமார் 1,800 நியூ மெக்சிகோ வீரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் வீடு திரும்பினார்கள். அவர்கள் நினைவாக 1989-ல் தொடங்கியது இந்த நடை.

இதில் 'ஹெவி' பிரிவுதான் உண்மையான சோதனை. முதுகுப்பையில் குறைந்தது 35 பவுண்டு, அதாவது 16 கிலோ இருக்க வேண்டும். கல்லையும் மண்ணையும் சுமப்பானேன்? பலர் அரிசியும் பீன்ஸும் கட்டிக்கொள்கிறார்கள். நடை முடிந்ததும் அவை ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகின்றன. பசியால் மடிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அஞ்சலி ஏது?

எடுத்த எடுப்பில் 16 கிலோவைத் தூக்கினால் முட்டியும் முதுகும் போய்விடும். நான்கைந்து கிலோவில் தொடங்கி, சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். தூரமும் எடையும் ஒரே வாரத்தில் ஏறக் கூடாது. தார் ரோட்டில் மட்டும் பழகியவர்கள், கடைசி மைல்களில் கால் புதையும் மணலில் திண்டாடுவார்கள். புது ஷூவோடு வருபவர்கள் கொப்புளத்தோடுதான் திரும்புவார்கள்.

பட்டானில் நடந்து உயிர் பிழைத்த பென் ஸ்கார்டன், 100 வயதிலும் இங்கு வந்து நடந்தார்.