லாரி நம்முடையது, பூட்டு கம்பெனியுடையது



நாமக்கல்காரன் லாரியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? எங்கள் வீட்டு வண்டியும் ஒன்று ஓடுகிறது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 வண்டிகள். விலை ஏறியது, புகையும் குறைந்தது. சரி. இப்போது தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். இதற்கும் முணுமுணுக்கிற ஓனர்களை எனக்குப் பிடிக்காது. சித்திரை வெயிலில் இஞ்சின் சூட்டோடு உட்கார்ந்து பாருங்கள், தெரியும். லாரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

என் கோபம் வேறு. புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பில் ஒரு சென்சார் கெட்டால் போதும். இஞ்சின் நன்றாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அதன் இழுவையைக் குறைத்துவிடும். லோடு வண்டி மேட்டில் திணறும். நம்ம ஊர் மெக்கானிக்கிடம் கைத்திறன் உண்டு. கம்பெனி சாஃப்ட்வேர் இல்லை. போன மாதம் எங்கள் வண்டி மூன்று நாள் நின்றது. மாதத் தவணை நின்றதா?

"திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டையே கழற்றிவிடுவார்கள்" என்கிறார்கள். அதை மட்டும் பூட்டிக்கொள்ளுங்கள். கோளாறைப் படிக்கவும் சென்சாரை மாற்றவும் வெளி மெக்கானிக்குக்கு நியாயமான விலையில் கருவியும் பயிற்சியும் கொடுங்கள்.

வண்டிக் கம்பெனிகளில் இஞ்சினியர்களாக இருக்கும் என் மாணவர்களே, இதை உங்கள் மீட்டிங்கில் பேசுங்கள். வாத்தியார் கேட்கிறேன்.