மூக்கில் துணி கட்டினால் போதுமா?



பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை மீண்டும் இயக்கும் பேச்சு அடிபடுகிறது. நல்லது. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த ஆலை அது, போரில் நின்றது. 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடி வன்னியில் குடியேறிய நம் சொந்தங்களின் பிள்ளைகளுக்கும் அங்கே வேலை கிடைக்கட்டும். ஆனால் எந்தப் பாதுகாப்போடு?

மலையில் மருந்தடிக்கும்போது "மூக்கைத் துணியால் கட்டிக்கொள்" என்பார்கள். நாம் கண்ட பாதுகாப்பு அவ்வளவுதான். தூசி என்றால் மூக்கு மயிரும் சளியும் கொஞ்சம் பிடிக்கும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மிச்சத்தை மேலே தள்ளும், இருமித் துப்புவோம். வாயுவுக்கு இந்தக் காவலும் இல்லை, துணியும் இல்லை. குளோரின் ஈரத்தைத் தொட்டதும் அமிலமாகிறது. நெஞ்சுக்குள் எல்லாமே ஈரம்தானே! கோடிக்கணக்கான காற்றுப் பைகளின் சுவர் புண்ணாகி நீர் கசிந்து நிரம்பும். ஆள் தரையில் நின்றபடியே மூழ்குகிறான். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்துப் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், பள்ளத்தில் தேங்கும். கசிந்தால் குனிந்து பதுங்கக் கூடாது. காற்று வரும் திசையில் மேட்டுக்கு ஓட வேண்டும். இதை வேலையின் முதல் நாளே சொல்லித் தருவார்களா?

வாயு வடிகட்டி வைத்த முகமூடி ஆளுக்கொன்று, கசிவு மணி, நிர்வாகச் செலவில் வருடாந்த நெஞ்சுப் பரிசோதனை. ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். வடிகட்டிக்கும் ஆயுள் உண்டு. மாற்றும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.