புறாவின் விலாசம்

வீடு மாறுதல் எவர்க்குமே தொல்லைதான். அலுமாரி புதிய வீட்டின் வாசலில் நுழையுமா, அம்மிக்கல்லை லொறியில் எந்த மூலையில் ஏற்றுவது, கடைக் கணக்கை எப்போது தீர்ப்பது என்று ஒரு மாதத்துக்கு வீடெங்கும் இதே பேச்சாக இருக்கும். ஆயினும், மாத்தளை மாவட்டத்து யட்டவத்தையில் வசிக்கும் என் நண்பர் ஒருவருக்கு இப்போது நேர்ந்திருக்கும் தொல்லையை வாசகர்களில் அநேகர் அறிந்திருக்க மாட்டார்கள். அவர் பந்தயப் புறா வளர்ப்பவர். நாற்பத்தொரு புறாக்கள் இருக்கின்றன. அடுத்த மாதக் கடைசியில் அவர் மாத்தளைப் பட்டணத்துக்குக் குடிபெயர வேண்டும்.

சென்ற போயா விடுமுறையன்று அவரைக் காணச் சென்றிருந்தேன். பொழுது நன்றாகப் புலர்ந்திராத வேளை. மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு மேலே பனிமூட்டம் கலையவில்லை. வீட்டின் பின்புறத்தில் பலகையாலும் கம்பி வலையாலும் அமைத்த புறாக்கூட்டின் கதவை அவர் திறந்ததும், படபடவென்ற ஓசையோடு கூட்டம் முழுவதும் மேலெழுந்தது. முக்கால் மணி நேரம் அவை வானத்தில் வட்டமிட்டன. அதற்குள் நண்பர் கூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தண்ணீர் மாற்றி, சிப்பித்தூளும் செங்கற் பொடியும் கலந்து வைத்துவிட்டு, ஒரு பழைய தகரப் பேணியில் தானியத்தைப் போட்டுக் குலுக்கினார். அவ்வொலி கேட்டதுதான் தாமதம், வானத்தில் நின்ற கூட்டம் கூரைக்கு இறங்கிவிட்டது. ஒரு புறாவுக்கு நாளொன்றுக்கு முப்பது கிராம் அளவில் சோளம், பயறு, குரக்கன். நாற்பத்தொன்றுக்கும் ஒன்றேகால் கிலோ ஆகிறது. “வீட்டு அரிசிக்குக் கணக்கு இல்லை, புறாவின் சோளத்துக்கு மட்டும் கணக்குக் கொப்பி உண்டு” என்று அவருடைய மனைவியார் தேநீரைத் தந்தவாறே சொன்னார்.

குடிபெயர்வதற்குக் காரணம் மூத்த மகளின் படிப்பு. உயர்தர வகுப்புக்குப் பட்டணத்துப் பாடசாலை, மாலையில் தனிவகுப்பு, இருட்டிய பின் பஸ்ஸுக்குக் காத்திருப்பு. இரண்டு வருடங்கள் பிள்ளையை இப்படி அலைக்கழிக்க முடியாது என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது. அதில் நண்பருக்கும் மறுப்பில்லை. மறுப்பெல்லாம் கூரையின்மேல் உட்கார்ந்திருப்பவைகளுக்குத்தான்.

மனிதர் வீடு மாறினால் தபாற் கந்தோருக்குப் புதிய விலாசத்தை அறிவிக்கலாம். புறாவுக்கு அப்படி அறிவிக்க வழியில்லை. குஞ்சாக இருந்து முதன்முதல் வெளியே வந்து எந்தக் கூரையைச் சுற்றிப் பறந்ததோ, அதுவே அதற்கு வீடு. ‘புறா விடு தூது’ என்று நாம் பேசும்போது, சொன்ன இடத்துக்கெல்லாம் அது போய்வரும் என எண்ணிக் கொள்கிறோம். உண்மை வேறு. இலங்கையிலேயே இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. 1850ஆம் ஆண்டுகளில், ஐரோப்பாவிலிருந்து வரும் தபாற் கப்பல்கள் காலித் துறைமுகத்தில் நின்றன. அங்கு வந்திறங்கும் உலகச் செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து கொண்டுவருவதற்காக ‘கொழும்பு ஒப்சேர்வர்’ பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்தியது. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி வந்த பின் அந்தப் புறாக்களுக்கு வேலை இல்லாது போயிற்று. அவை கொழும்பைத் தம் வீடாகக் கொண்டவை. ஆகவே காலியிலிருந்து கொழும்புக்கு மட்டுமே பறக்கும். அவற்றைத் திரும்பவும் காலிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மனிதரின் பொறுப்பாக இருந்தது. அந்தத் திசையில் புறா வெறும் பிரயாணச் சாமான்!

அந்த வீட்டை எவ்வாறு கண்டுபிடிக்கின்றன என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் விவாதம் தீரவில்லை. சூரியனைத் திசைகாட்டியாகக் கொள்கின்றன என்பது ஒன்று. அமெரிக்க அறிஞர் கீற்றன் சிறு காந்தங்களைப் புறாக்களின்மேல் கட்டிப் பறக்கவிட்டார். வெயில் நாளில் அவை தடுமாறவில்லை. முகில் மூடிய நாளில் தடுமாறின என்று 1971இல் எழுதினார். சூரியன் மறைந்தால் பூமியின் காந்தம் துணை நிற்கிறது என்பது அதன் கருத்து. இத்தாலியில் பாப்பி என்பவரும் அவர் குழுவினரும் காற்றில் வரும் வாசனையே வழிகாட்டுகிறது என்றனர். என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது வேறொரு சோதனை. ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்மித்–கோனிக் என்பவர், எதையும் தெளிவாகப் பார்க்க இயலாதபடி மங்கலான வில்லைகளைப் புறாக்களின் கண்களில் பொருத்தி, தூர இடங்களில் விட்டார். அவற்றுட் சில, வீட்டுக்குச் சில கிலோமீற்றர் தூரம்வரை வந்து இறங்கிவிட்டனவாம். கூரையைக் காணத்தான் கண் வேண்டும். ஊரைக் காண வேண்டியதில்லை போலும்.

இத்தகைய பிராணியை யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்குக் கூடையில் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? புதிய வீட்டில் ஊற்றி வைத்த தேநீர் ஆறுமுன்னர் அது பழைய கூரையில் உட்கார்ந்திருக்கும். தூரம் அதிகமாக இருந்தாலும் கதை இதுவே. நண்பரின் சேவல் ஒன்று, யாழ்ப்பாணத்தில் காலை ஆறரைக்கு விடப்பட்டு, பதினொரு மணிக்கு முன் வீடு வந்து சேர்ந்தது.

அப்படியானால் புறாவைக் குடிபெயர்க்கவே முடியாதா என்று கேட்டேன். முடியும், பொறுமை வேண்டும் என்றார். முதல் உலக யுத்தத்தில் பஸ் வண்டிகளைப் புறாக்கூடுகளாக மாற்றிப் போர்முனைக்குக் கொண்டுசென்றிருக்கிறார்கள். வண்டி இடம் மாறினாலும் அந்த வண்டியையே வீடாகக் கொள்ளும்படி பறவைகள் பழக்கப்பட்டன. இந்தியாவில் ஒரிசாப் பொலிஸார் 1946இல் தொடங்கிய புறாத் தபாற் சேவையிலும், இடம் மாறும் கூட்டுக்குத் திரும்பப் பழகிய பிரிவு ஒன்று இருந்தது. ஆனால் இளமையிலேயே அதற்கென்று பழக்கப்பட்டவை அவை. வளர்ந்து, பந்தயத்திற் பறந்து, ஒரு கூரையை மனத்திற் பதித்துக் கொண்ட புறாவின் விஷயம் வேறு.

நண்பர் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஒன்பது குஞ்சுகள், பதினான்கு சோடிகள், நான்கு கிழங்கள் என்று பிரித்து எழுதியிருந்தார்.

குஞ்சுகளால் கவலையில்லை. பிறந்து நான்கைந்து வாரமாகித் தாமாகத் தின்னத் தொடங்கியதும், வெளியே பறக்குமுன் கொண்டுபோய்விட வேண்டும். கூரையின்மேல் கம்பிக் கூண்டு வைத்து, அதனுள்ளிருந்து சில நாட்கள் சுற்றுப்புறத்தைப் பார்க்கச் செய்தால் புதிய வீடே வீடாகிவிடும். ஆனால் அடுத்த மாதக் கடைசிவரை காத்திருந்தால் இவை பழைய கூரையைச் சுற்றத் தொடங்கிவிடும். ஆகையால் பட்டணத்தில் புறாக்கூடு இந்த வாரமே எழும்ப வேண்டும். மனிதர் அங்கே பால் காய்ச்சுமுன் குஞ்சுகள் குடியேறிவிடும். காலையும் மாலையும் நண்பர் பஸ் ஏறிப் போய்த் தீனி வைப்பார். மகளுக்கு மிச்சமாகப் போகும் அலைச்சல் ஒரு மாதத்துக்குத் தகப்பனார் தலையில் விழுகிறது. அம்மையார் இதற்குச் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

சோடிகளின் விஷயம் சிக்கலானது. புதிய கூட்டில் அடைத்து வைத்து, முட்டையிட விட வேண்டும். பதினேழு, பதினெட்டு நாட்களிற் குஞ்சு பொரிக்கும். கூட்டிற் குஞ்சு இருக்கையில், சோடியில் ஒன்றை மட்டும், பசியோடு, பொழுது சாயும் வேளையில் வெளியே விட வேண்டும். பிள்ளைப் பாசமும் பசியும் சேர்ந்து இழுத்தால் திரும்பும். சில திரும்பும், சில பழைய கூரைக்கே போகும். அங்கே கூடும் தீனியும் இல்லையென்று கண்டு மனம் மாறக்கூடும். எனவே, பழைய கூட்டை அடியோடு பிரித்துவிடுவது இம்முறைக்கு மிக அவசியம். இல்லையேல் சோடிகள் ஆயுள் முழுவதும் கூட்டுக்குள்ளேயே இருந்து, குஞ்சு பெருக்க மட்டுமே உதவும். புறா வளர்ப்போர் இவற்றைக் கைதிகள் என்றே சொல்கிறார்கள். நண்பரின் பந்தயக் கனவெல்லாம் இந்தப் பதினான்கு சோடிகளின் மேல்தான். கூட்டின் இடத்தை மீற்றர் கணக்கில் அளந்து, விட்ட இடத்திலிருந்து அதுவரையுள்ள தூரத்தை நேரத்தால் வகுத்துத்தான் பந்தயத்தில் வெற்றி முடிவாகிறது. புதிய கூட்டுக்குரிய தூரங்களைக்கூட அவர் குறித்து வைத்துவிட்டார்.

எஞ்சியவை கிழங்கள் நான்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சேவல் அவற்றில் ஒன்று. பதினொரு வயதாகிறது. இப்போது வட்டமிடுவதில்லை; கதவு திறந்ததும் கூரை முகட்டுக்கு ஏறி, வெயில் படும் ஓட்டில் உட்கார்ந்துகொள்கிறது. அதை மீண்டும் பழக்க இயலாது. அதையும் கைதிகளோடு சேர்த்துவிடலாம் என்று நண்பர் சொல்லும்போது முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே வீட்டைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். அங்கே வாடகைக்கு வரவிருக்கும் சிங்கள ஆசிரியர். அறைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்புறத்துக்கு வந்து நெடுநேரம் நின்றார். பிரிக்கப் போகிறீர்களா என்று கூட்டைக் காட்டிச் சிங்களத்திற் கேட்டார். நண்பர் காரணத்தை விளக்கினார். அந்தக் கிழட்டுப் புறாக்கள் நான்கும் இங்கேயே இருக்கட்டுமே, தீனியை நான் போடுகிறேன் என்றார் அவர்.

நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. கூடும் தீனியும் இங்கே இருக்குமாயின் பட்டணத்தில் ஒரு சோடியையும் வெளியே விட முடியாது. விட்டால் அத்தனையும் இங்கு வந்துவிடும். பதினான்கு சோடிகளும் கைதிகளாகும். ஒன்பது குஞ்சுகள் வளர்ந்து, அவற்றோடு இனிப் பிறப்பவையும் சேர்ந்து பந்தயத்துக்குத் தயாராக ஒன்றிரண்டு வருடங்கள் கழியும். நான்கு கிழங்களுக்காக யாரும் இப்படிச் செய்வார்களா என்று நானே சற்று அதிகமாகப் பேசிவிட்டேன்.

அவர் அதற்கும் பதில் சொல்லாமல் கணக்குக் கொப்பியை மூடி இடுக்கிக்கொண்டு, ஆசிரியரைக் கூட்டினருகே அழைத்துச் சென்றார். “இரவில் மரநாய் வரும். பொழுது சாய்வதற்குள் இந்தக் கதவை அடைத்துவிட வேண்டும். மேல் தாழ்ப்பாள் போதாது, கீழேயும் ஒன்று இருக்கிறது, பாருங்கள்” என்று குனிந்து காட்டலானார். பிறகு பேணியை எடுத்து ஆசிரியரின் கையிற் கொடுத்தார். அவர் அதைச் சற்று வேகமாகவே குலுக்கினார். முகட்டிலிருந்த சேவல் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, இறங்கவில்லை. “அவ்வளவு வேகம் வேண்டாம். மூன்று தரம், விட்டு விட்டு” என்று நண்பர் தம் வெறுங்கையை அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் விடைபெற்றுக்கொண்டேன்.